வைரத்தோடும் என்சைக்ளோபீடியாவும்

பெண் விஞ்ஞானிகளைப் பற்றித் தமிழில் வரும் சிறு புத்தகங்கள், பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கென்றே அச்சாகும் அந்த ரகம், அன்னா மாணிக்கு ஒதுக்கும் இரண்டு பக்கங்களை எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. எட்டாவது பிறந்த நாள். குடும்ப வழக்கப்படி பெண் குழந்தைக்கு வைரத்தோடு. குழந்தை தோடு வேண்டாம் என்கிறது, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா வேண்டும் என்கிறது. அங்கிருந்து ஒரே தாவலில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் துணை டைரக்டர் ஜெனரல் பதவி. இடையில் கிடக்கும் ஐம்பது வருஷங்களுக்கு ஒரு பத்தி.

சம்பவம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு சம்பவம் எதற்காகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது என்பது விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கதையில் விஞ்ஞானத்துக்கும் பெண்ணுக்கும் நடுவே நிற்பது ஒரு ஜோடித் தோடு மட்டும். அதைக் கழற்றி வைத்துவிட்டால் கதவு திறந்துவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள், உட்கார நாற்காலி கொடுத்தார்களா என்பதெல்லாம் கதைக்கு வேண்டியதில்லை. விஞ்ஞானம் நடக்கும் இடத்தின் மனோபாவத்தைப் பற்றிப் பேசாமலே ஒரு பெண் விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட இதைவிடச் சௌகரியமான உத்தி கிடையாது.

அன்னா மாணி 1918-ல் பிறந்தது பீர்மேட்டில். கம்பத்தில் பஸ் ஏறி, குமுளி மலைச்சாலை ஏறி, வண்டிப்பெரியாறு தாண்டினால் பீர்மேடு. அப்பா சிவில் இன்ஜினீயர், ஏலத்தோட்டங்களின் சொந்தக்காரர். தோடா, என்சைக்ளோபீடியாவா என்ற கேள்வி எழுவதற்கு முன்னால் வீட்டில் இரண்டும் வாங்கக் காசு இருந்தாக வேண்டும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடிவதற்கு முன்பே ஜீப்களில் நெருக்கியடித்துக்கொண்டு மேலே ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய இறங்கி வருகிற பெண்களுக்கு இந்தத் தேர்வு எந்தப் பிறந்த நாளிலும் வைக்கப்பட்டதில்லை. இதைச் சொல்வது அன்னா மாணியைக் குறைத்துப் பேசுவதற்காக அல்ல. அவருடைய பிற்காலத்து ஒரு முக்கியமான மௌனத்தைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி தேவைப்படும் என்பதற்காக.

'மனப்பான்மை மாற வேண்டும்' என்பது இப்போது கருத்தரங்குகளின் மந்திரம். ஆய்வகங்களில் பெண்களைப் பற்றிய மனப்பான்மை மாறிவருகிறது, இன்னும் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள். மனப்பான்மை என்பது யாருடைய தலைக்குள்ளோ மிதக்கிற ஆவி மாதிரி ஒரு தொனி இதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தவரை மனப்பான்மை என்பது வாசகங்களில் இருக்கிறது. சேர்க்கை விதிகளில், அறைகளின் அமைப்பில், யார் யாரோடு பேசலாம் என்பதில் இருக்கிறது. இலக்கிய விமர்சகன் வாசகங்களைப் படிக்கப் பழகியவன். எனவே இந்த விஷயத்தில் அவனுக்கும் கொஞ்சம் வேலை உண்டு.

ஒரு வாசகம். 1933-ல் பம்பாய் சர்வகலாசாலையின் பி.எஸ்ஸி.யில் முதலாவதாகத் தேறிய கமலா பாக்வத் (பின்னாளில் கமலா சோஹோனி) பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு விண்ணப்பிக்கிறார். டைரக்டர் சி.வி. ராமன். பெண் என்பதால் இடமில்லை என்கிறார். கமலா விடவில்லை, நேரில் போய் நிற்கிறார். கடைசியில் நிபந்தனைகளோடு அனுமதி. முதல் வருஷம் முழுக்க முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார், வேலையின் தரம் திருப்தியளித்தால்தான் அங்கீகாரம். அதோடு, அவர் அங்கே இருப்பது ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது.

கடைசி நிபந்தனையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். கலைகிற கவனம் ஆணுடையது, அதற்குப் பொறுப்பு பெண்ணுடையது. அவர் எதைச் செய்யக்கூடாது என்று அதில் இல்லை. 'இருப்பது' என்ற ஒன்றுதான் குற்றத்துக்குச் சாத்தியமான செயல். ஒரு வருஷம் அவர் தன் இருப்பைக் குறைத்துக்கொண்டே வேலையைப் பெருக்கிக் காட்ட வேண்டும். காட்டினார். கேம்பிரிட்ஜ் போனார், தாவரத் திசுக்களில் சைட்டோக்ரோம்-சி பற்றிய ஆராய்ச்சிக்கு 1939-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வேடு நாற்பது பக்கந்தான் என்பார்கள். நம் சர்வகலாசாலைகளில் நன்றியுரையே அந்த அளவு வருகிறது.

இதற்குப் பின் ராமன் மனம் மாறினார், பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சந்தோஷமாக முடிகின்றன. கமலா சோஹோனிக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. பல வருஷங்கள் கழித்துப் பேசும்போதும் ராமனைப் பெரிய விஞ்ஞானி என்றும் குறுகிய மனம் கொண்டவர் என்றும் ஒருசேரச் சொன்னார், அந்த அவமானத்தை மறக்க முடியாது என்றார். தமிழில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறார்கள். ராமன் நம்மவர், திருச்சியில் பிறந்தவர், பிப்ரவரி 28-ஐத் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறோம். (இந்தப் பக்கத்து ஒரு பள்ளியில் அந்தத் தினத்தில் பையன்கள் ராக்கெட் மாதிரி செய்து வைத்திருந்தார்கள். பெண் பிள்ளைகளுக்கு விஞ்ஞானக் கோலப் போட்டி. டி.என்.ஏ. கோலம் உண்மையிலேயே அழகாக இருந்தது.)

பெண்களைச் 'சேர்த்துக்கொண்ட' பிறகு என்ன நடந்தது? இதை விசாரித்தவர் அபா சூர். அவருடைய 'டிஸ்பர்ஸ்ட் ரேடியன்ஸ்' (2011) இந்திய விஞ்ஞான வரலாற்றில் சாதியையும் பாலையும் ஒன்றாக வைத்துப் பார்த்த புத்தகம். தமிழில் இதைப்பற்றி யாரும் பேசாதது ஆச்சரியமில்லை, வருத்தந்தான். 1940-ல் அன்னா மாணி ராமனின் ஆய்வகத்துக்கு வருகிறார். அங்கே ஆணும் பெண்ணும் கலந்து பேசுவதை ராமன் விரும்பவில்லை. ஆண் மாணவர்கள் ஓயாமல் விவாதித்துக்கொண்டிருக்க, பெண்கள் தங்கள் கருவியோடு தனியே. கருவியைக் கையாள்வதில் ஒரு சின்னப் பிசகு நேர்ந்தால் பெண்ணுக்கு இது வராது என்பதற்கு அதுவே அத்தாட்சி. அதே பிசகை ஆண் செய்தால் அது வெறும் பிசகு.

அன்னா மாணி அங்கே செய்தது வைரங்களையும் மாணிக்கங்களையும் பற்றிய ஒளியியல் ஆராய்ச்சி. முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் உறிஞ்சுதலையும் நிறமாலையில் பதிவு செய்தார். ஒரு தகட்டில் பதிவாகப் பதினைந்து இருபது மணி நேரம் பிடிக்கும், இரவில் ஆய்வகத்திலேயே கண்விழித்திருக்க வேண்டும். தோட்டை வேண்டாமென்றவர் வைரத்தோடு ஐந்து வருஷம் கழித்தார் என்று யாரோ ஒருவர் அணி நயத்தோடு எழுதியிருந்தார். எனக்குப் படுவது வேறு. 1942-க்கும் 1945-க்கும் இடையில் அவர் வெளியிட்ட ஐந்து கட்டுரைகளும் அவர் ஒருவர் பெயரில் மட்டுமே வந்தவை. நம் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் இதைப் பெருமையாகக் குறிப்பிடுகிறார்கள். பெருமைதான். ஆனால் கூட்டாகச் சிந்திப்பதே தொழில்முறையாக இருக்கிற ஓர் இடத்தில் தனிப்பெயர் வேறொன்றையும் சொல்கிறது. அந்த அறையில் அவரோடு பேச ஆளில்லை. ஒரு கவிஞனுக்குத் தனிமை மூலதனமாக இருக்கலாம், பௌதிக ஆராய்ச்சியாளருக்கு அது தண்டனை.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னை சர்வகலாசாலைக்குச் சமர்ப்பிக்கிறார். பெங்களூர்க் கழகத்து ஆராய்ச்சிக்குப் பட்டம் அப்போது சென்னையில்தான். எம்.எஸ்ஸி. இல்லை என்று சொல்லி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. மாநிலக் கல்லூரியின் பௌதிக ஆனர்ஸ் பட்டமும், அச்சான ஐந்து கட்டுரைகளும், கழகமே கொடுத்த ஆராய்ச்சி உதவித்தொகையும் போதவில்லை. ஆய்வேடு பைண்ட் செய்யப்பட்டு ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில், பட்டம் பெற்ற ஆய்வேடுகளின் பக்கத்தில் அவற்றைப் போலவே இருக்கிறது. ராமன் அப்போது நோபெல் பரிசு பெற்றுப் பதினைந்து வருஷமாகியிருந்த மனிதர். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை நான் பதிலில்லாமலே விட்டுவைக்கிறேன்.

அன்னா மாணி இதைப்பற்றி என்ன நினைத்தார்? இங்கேதான் நான் சொன்ன மௌனம் வருகிறது. பெண் என்பதால் தனக்கு எதுவும் நேர்ந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அபா சூர் நேரில் கண்டு கேட்டபோதும் பெண், விஞ்ஞானம் என்று இதை ஒரு பிரச்னையாக்குவதே அவருக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. பட்டம் இல்லாததால் தன் வாழ்க்கையில் எதுவும் கெட்டுவிடவில்லை என்பது அவர் நிலை.

இதை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ஒரு சாரார், 'அவரே சொல்லிவிட்டாரே, பாரபட்சம் என்பதெல்லாம் இன்றைய கற்பனை' என்று ராமனையும் சர்வகலாசாலையையும் விடுதலை செய்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார், பாவம், தன் அடிமைத்தனம் தனக்கே தெரியாதவர் என்று அவர்மேல் இரக்கப்படுகிறார்கள். இரண்டாவது எனக்கு இன்னும் மோசமானதாகப் படுகிறது. வாழ்நாள் முழுவதும் கருவிகளின் பிழையைக் கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்டிருந்த ஒருவருக்குத் தன்மேல் நிகழ்ந்தது தெரியவில்லை என்று சொல்ல நாம் யார்? அவர் மறுத்தது சம்பவங்களை அல்ல. யார் எதைத் தடுத்தார்கள் என்பதை அபா சூரிடம் சொன்னவரே அவர்தானே. அவர் மறுத்தது அந்தச் சம்பவங்களின் கதாபாத்திரமாகத் தான் ஆக்கப்படுவதை. பலியாள் என்ற பாத்திரம் வேண்டாம் என்பதற்கு ஒரு கம்பீரம் தேவை. அந்தக் கம்பீரத்துக்குப் பின்னால் பீர்மேட்டு வீடும் என்சைக்ளோபீடியாவும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாய்ந்துகொள்ளச் சுவர் உள்ளவர்தான் எனக்கு அடிபடவில்லை என்று சொல்ல முடியும். இந்த இரண்டையும் ஒருசேரப் பார்க்கிற பார்வை நம் பரிசளிப்புப் புத்தகங்களில் மட்டுமல்ல, தீவிரமாக எழுதுகிறவர்களிடமும் இல்லை.

இந்திய விஞ்ஞான அகாடெமி 2008-ல் 'லீலாவதிஸ் டாட்டர்ஸ்' என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. ரோகிணி காட்போலேயும் ராம் ராமசுவாமியும் பதிப்பாசிரியர்கள். ஏறக்குறைய நூறு பெண் விஞ்ஞானிகளின் வாழ்க்கைக் குறிப்புகள், பெரும்பாலும் தாங்களே எழுதியவை. வந்திருக்க வேண்டிய புத்தகம், வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் தலைப்பு. லீலாவதி என்பது பாஸ்கரரின் மகள் என்பது ஐதீகம். முகூர்த்தம் பார்க்க வைத்த நீர்க்கிண்ணத்தில் அவள் நகையிலிருந்து ஒரு முத்து விழுந்து துளையை அடைத்ததாம், வேளை தப்பிக் கல்யாணம் கெட்டதாம், ஆறுதலுக்காக அப்பா கணித நூல் எழுதி அவள் பெயரை வைத்தாராம். 1587-ல் பைஸி செய்த பாரசீக மொழிபெயர்ப்பில் வரும் கதை இது. நூலுக்குள்ளே கணக்குகள் ஒரு பெண்ணை விளித்துக் கேட்கப்படுகின்றன, அவள் கண்ணழகையும் சேர்த்துச் சொல்லி. அவள் ஓரிடத்திலும் பதில் சொல்வதில்லை. நகையால் கெட்டு, கணிதத்தால் ஆறுதல் பெற்று, வாய் திறக்காமல் இருக்கிற ஒருத்தி. தோட்டுக் கதையின் மூதாதை இதுதான் என்று எனக்குச் சந்தேகம். நூறு பெண்கள் பேசுகிற ஒரு புத்தகத்துக்குப் பேசாத ஒருத்தியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

கட்டுரைகளில் பலவற்றை ஆள்வது நன்றி. படிக்க வைத்த அப்பாவுக்கு, வேலைக்கு அனுப்பிய கணவருக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியாருக்கு. எல்லாம் உண்மையாக இருக்கும். ஓர் ஆண் விஞ்ஞானி தன் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி எழுதும்போது மாமியாருக்கு நன்றி சொல்லி நான் படித்ததில்லை. நன்றி சொல்லும் மொழியில் உரிமை சலுகையாக மாறிவிடுகிறது. அதற்கு மாறாக, கணவனும் மனைவியும் ஒரே ஸ்தாபனத்தில் வேலை பார்க்கக் கூடாது என்ற எழுதாத விதி, குழந்தை பிறந்து திரும்பி வரும்போது வயது வரம்பு தாண்டிப்போவது என்று வறட்டு விவரம் வருகிற இடங்களில் எழுத்து உயிர் பெறுகிறது. அந்த மாதிரிப் பக்கங்களுக்காகவே இந்தப் புத்தகத்தைப் பாதுகாக்க வேண்டும்.

நிலைமை மாறவே இல்லையா? மாறியிருக்கிறது. இடைவெளி விட்டவர்கள் திரும்பி வர 2000-களின் தொடக்கத்திலேயே மத்திய அரசின் விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறை ஒரு திட்டம் கொண்டுவந்தது. வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராக 1997-ல் விசாகா தீர்ப்பு, 2013-ல் சட்டம். இன்று எந்த ஆய்வகத்திலும் இதற்கென ஒரு குழு இருந்தாக வேண்டும். அந்தத் தீர்ப்புக்கு மூலகாரணம் ராஜஸ்தான் கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய்த் தாக்கப்பட்ட பன்வாரி தேவி என்ற ஊழியர். டாக்டர் பட்டம் பெற்ற பெண்களுக்குப் பாதுகாப்பு வாங்கித் தந்தவர் ஆய்வகத்தின் வாசலைக்கூடப் பார்க்காத ஒருவர். மனப்பான்மை மாறியதால் விதி வந்தது என்பதைவிட, விதி வந்த இடத்தில் மனப்பான்மை கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்பதே சரி.

அடங்காத இடங்கள் நிறைய. பட்நாகர் விருதை எடுத்துக்கொண்டால், 1958-லிருந்து 2021 வரை ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள், பெண்கள் இருபது பேருக்குள். நம் கல்லூரிகளில் விஞ்ஞான வகுப்பில் பாதிக்குக் கிட்டத்தட்டப் பெண்கள், நாட்டின் ஆராய்ச்சியாளர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் உள்ளவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்பவர்கள் எங்கள் வங்கிக் கிளைக்கு வரலாம். நகைக்கடன் கவுண்டரில் இருக்கும் சக ஊழியர் எம்.எஸ்ஸி. ரஸாயனம். நகையை உரைகல்லில் இழுத்து அமிலம் விட்டுப் பார்ப்பவர் அப்ரைசர், அங்கே என்ன வினை நடக்கிறது என்று தெரிந்தவர் ரசீது எழுதுகிறார். ஆராய்ச்சிக்குப் போயிருக்கலாமே என்று கேட்டதற்கு, 'வெளியூர்ல ஹாஸ்டல்ல விட்டிருப்பாங்களா சார்' என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

2014-ல் மங்கள்யான் செவ்வாயை அடைந்த நாளில் பெங்களூரில் பட்டுப்புடவையும் தலையில் பூவுமாகச் சிரிக்கிற பெண்களின் புகைப்படம் உலகம் முழுக்கப் போயிற்று. இந்தியப் பெண் விஞ்ஞானி என்பதற்கு அதுவே சின்னமாகிவிட்டது. அவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று பின்னால் தெரிய வந்தது. அந்தத் திட்டத்தில் உண்மையிலேயே வேலை பார்த்த பெண் இன்ஜினீயர்கள் இருந்தார்கள், அவர்கள் முகம் யாருக்கும் நினைவில்லை. ஆதித்யா-எல்1 திட்டத்துக்குத் தலைமை தாங்கிய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதை 2023-ல் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. என்ன கருவி, சூரியனில் எதை அளக்கிறது என்று எழுதிய இடம் அதில் கால் பங்கு இராது.

கருவி என்றதும் மறுபடி அன்னா மாணி. லண்டனுக்குப் பௌதிகம் படிக்கப் போக ஆசைப்பட்டவருக்குக் கிடைத்தது வானிலைக் கருவிகளுக்கான உதவித்தொகைதான். 1948-ல் திரும்பிப் புனாவில் சேர்ந்தார். 1953-ல் அவருக்குக் கீழே 121 ஆண்கள். இந்த எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள், 121 பேரில் ஒருவராவது என்ன நினைத்தார் என்று யாரும் எழுதவில்லை. கிட்டத்தட்ட நூறு கருவிகளுக்கு வரைபடம் நிர்ணயித்து இங்கேயே செய்ய வைத்தார். 1957-58 சர்வதேச பூபௌதிக ஆண்டில் சூரியக் கதிர்வீச்சை அளக்க நிலையங்கள் அமைத்தார். 1976-ல் ஓய்வு பெற்றபின் பெங்களூரில் உட்கார்ந்து நாடு முழுவதற்குமான காற்றின் வேகத்தைத் தொகுத்தார். ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கமும் கண்டமனூர்ப் பக்கமும் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலைகளைப் பார்க்கிறோம். நாட்டில் எந்த ஊரில் எந்த மாதம் என்ன காற்று என்று ஒருவர் பொறுமையாக எண்களை அடுக்கி வைத்த பிறகுதான் இவையெல்லாம் சாத்தியம். பரிசளிப்புப் புத்தகங்களில் இந்தக் காற்று இல்லை, தோடு இருக்கிறது.

இன்னொன்று. விஞ்ஞான வேலையிடம் என்றால் நாம் டாக்டர் பட்டக்காரர்களை மட்டும் எண்ணுகிறோம். ஜானகி அம்மாள் 1934-லிருந்து ஐந்து வருஷம் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் சோளத்தையும் மற்றப் புல்லினங்களையும் ஒட்டிப் பார்த்தார். திருமணமாகாத பெண், தீய சாதி என்ற இரண்டும் அங்கே சக ஆண்களுக்கு உறுத்தின, அவர் இங்கிலாந்து போனார், 1945-ல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் வெளியிட்டார். இது இப்போது ஓரளவு எழுதப்படுகிறது. ஆனால் ஒட்டு விதைப் பருத்தி வயல்களில் பூவின் ஆண் பாகத்தை நகத்தால் கிள்ளி, மறுநாள் காலையில் மகரந்தம் தடவிவிடுகிறவர்கள் பெண்களும் சிறுமிகளுந்தான். போடியில் ஏலக்காயைக் கண்ணால் பார்த்தே நிறமும் பருமனும் தரம் பிரிக்கிறவர்களும் பெண்கள்தான். ஜானகி அம்மாள் செய்ததும் கையளவில் இதே ஜாதி வேலை. அங்கே அது விஞ்ஞானம், இங்கே கூலி. ஆய்வகத்தில் பெண்ணின் விரலுக்கு இது வராது என்றவர்கள், வயலில் பெண்ணின் விரலுக்குத்தான் இது வரும் என்கிறார்கள்.

ராமனின் ஆய்வகத்தில் அன்னா மாணியோடு சுனந்தா பாய் என்று ஒருவர் இருந்தார். அவரும் தன் பெயரில் மட்டும் கட்டுரைகள் வெளியிட்டார், ஒன்றிரண்டல்ல. மேற்படி ஆராய்ச்சிக்குச் சுவீடன் போக ஏற்பாடாகியிருந்த நிலையில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். காரணம் எங்கும் பதிவாகவில்லை. அபா சூர் எழுதியிருக்கும் சில வரிகளைத் தவிர அவரைப்பற்றி நான் எதையும் படித்ததில்லை. அவருடைய எட்டாவது பிறந்த நாளில் வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கட்டுரைகள் இந்திய அகாடெமியின் பழைய தொகுதிகளில் கிடைக்கின்றன.